மேனேஜரிடம் சொல்லி வைத்தது

ஆடி 29

வானிலை: மேகமூட்டம். வந்த ஆள்: யாரும் இல்லை. நடந்த வேலை: இல்லை. குறிப்பு: எல்லாம் குருவம்மாளால் வந்தது.

இப்படித்தான் தினமும் எழுத வேண்டும் என்று இன்ஜினியர் ஹேமலதா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்பும்போது உதவுமாம். நான்கு வரி போதும் என்றாள். மகளிர் குழுவில் பத்து வருஷம் தீர்மானம் எழுதிய கை இது. நான்கு வரியில் நிற்குமா?

முதலில் விவரம். எங்கள் ஊர் நாவல்பாறை, கொடைக்கானல் மலையின் கீழ்ப்பக்கம். ஊருக்கு மேலே நீலமேகம் ரிசார்ட்காரர்கள் நீச்சல்குளம் கட்டுவதற்காக மலையை வெட்டி ஓடையை மூடினார்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் ஓடை வேறு வழி பார்த்துக்கொண்டு, போகிற போக்கில் மண்ணையும் அள்ளிக்கொண்டு, என் ஓரகத்தி குருவம்மாளின் மாட்டுக் கொட்டகையை மூடிவிட்டது. மாடு மேய்ச்சலில் இருந்ததால் பிழைத்தது. கேஸ் போட்டோம். வாதி ஒன்று குருவம்மாள், வாதி இரண்டு நாகரத்தினமாகிய நான். கடைசியில் ரிசார்ட்காரன் சமரசத்துக்கு இறங்கி வந்தான். சரிவைச் சீர்செய்து தடுப்புச் சுவர் கட்ட அவன் பணம் கட்டுவான், நாங்கள் கேஸை முடித்துக்கொள்ள வேண்டும். பணம் கூட்டுக் கணக்கில் இருக்கும். இரண்டு வாதிகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, சேர்ந்து வேலையை நடத்த வேண்டும்.

நீதிபதிக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சமரசத்தில் நான் முந்திக்கொண்டு கையெழுத்துப் போட்ட அன்றிலிருந்து வாதி ஒன்றும் வாதி இரண்டும் பேசிக்கொள்வதில்லை. 'தப்பு உன்மேல்தான்' என்று நீதிபதி வாயால் ரிசார்ட்காரனிடம் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குள் மலை மிச்சமும் இறங்கிவிடும் என்பது என் கணக்கு. ஆசைக்கும் கணக்குக்கும் என்றைக்கு ஒத்துப்போனது?

ஆடி 30

இன்றே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆரம்பித்திருக்கலாம். சவரிமுத்து மேஸ்திரி ஆட்களோடு வந்துவிட்டார். ஆடியில் மண்ணில் கை வைக்கக் கூடாது என்று குருவம்மாள் தடுத்துவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. மேனேஜரிடம் சொன்னாள்.

மேனேஜர் என்பது நாய். ரிசார்ட்டிலிருந்து இறங்கி வந்து எங்கள் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டு, ஒரு வீட்டுக்கும் விசுவாசமில்லாமல் திரிவதால் அந்தப் பெயர் வந்தது. எங்களுக்குள் பேச்சு நின்ற பிறகு அது இல்லாமல் எங்களுக்கு ஒரு வேலையும் நடப்பதில்லை.

"மேனேஜரு, கேட்டுக்க. ஆடி மாசத்துல அஸ்திவாரம் தோண்டுற ஊரு எங்கயாச்சும் உண்டா? காசுக்குக் கையெழுத்துப் போடத் தெரிஞ்சவுகளுக்கு மாசம் தெரியாதாக்கும்" என்றாள், வேலிக்கு அந்தப்பக்கம் நின்று.

நான் நாயைக் கூப்பிட்டு ஒரு இட்லியைப் பிட்டுப் போட்டேன். "மேனேஜரு, மழைக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாது. ஐப்பசிக்குள்ள சுவரு எந்திரிக்கலன்னா சிலபேரு வீட்டுல சட்டி பானையெல்லாம் ஓடையில மிதக்கும். எனக்கென்ன, என் வீடு பாறை மேல இருக்கு."

நாய் இட்லியைத் தின்றுவிட்டு அவள் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

ஆவணி 2

வேலை ஆரம்பம். தேங்காய் உடைத்தோம். அவள் ஒன்று, நான் ஒன்று. அவளுடையது கோணலாக உடைந்தது. இதை அறிக்கையில் எழுத முடியாதது வருத்தம்தான்.

ஆவணி 11

ஜே.சி.பி. வந்தது. செக்கில் குருவம்மாள் கையெழுத்து வேண்டும். முதலில் மேஸ்திரியிடம் கொடுத்தனுப்பலாம் என்று பார்த்தேன். அவர் கும்பிடு போட்டுவிட்டார். போன முறை நான் 'கையெழுத்துப் போடச் சொல்லுங்க' என்றதை அவர் 'சீக்கிரம் போடணுமாம்' என்று சொல்லப்போய், அந்தச் 'சீக்கிரம்' என்ற ஒரு வார்த்தைக்கு அரைநாள் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"கல்லு சுமக்கச் சொல்லுங்க, சுமக்குறேன். உங்க ரெண்டு பேரு பேச்சச் சுமக்க எங்கிட்ட ஆளு இல்ல" என்கிறார்.

அதனால் செக்கை வேலிக்கல்லின் மேல் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு வந்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் செக் இருந்தது, கையெழுத்து இருந்தது, எலுமிச்சம்பழம் இல்லை.

ஆவணி 19

திருப்பூரிலிருந்து தவமணி போன் பண்ணினான். குருவம்மாளின் ஒரே பிள்ளை. பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். மலை இறங்கினதிலிருந்து அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடத் துடிக்கிறான்.

"சித்தி, ஐப்பசி மழைக்கு அந்தச் சுவரு தாங்குதான்னு பாப்பேன். தாங்கலன்னா அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துருவேன். இதுதான் கடைசி. அம்மாவும் சரின்னுட்டாக."

"தாராளமா கூட்டிட்டுப் போப்பா. எனக்கும் நிம்மதி" என்றேன்.

போனை வைத்த கையோடு மேஸ்திரியிடம் போய், இரண்டு கொத்தனாரைக் கூடுதலாகப் போடச் சொன்னேன். நிம்மதி சீக்கிரம் வர வேண்டுமே என்பதற்காக இல்லை. வேலை என்றால் வேலை.

ஆவணி 26

ஹேமலதா வந்து கட்டுமானத்தைப் பார்த்தாள். திருப்தி. கிளம்பும்போது, "ஏன் ஆன்ட்டி, சரிவே உங்க வீட்டுப் பக்கம் இல்லையே. நீங்க ஏன் இவ்வளவு பதறுறீங்க?" என்று கேட்டாள். படித்த பெண்கள் இப்படித்தான் தேவையில்லாததைக் கேட்பார்கள். காபி ஆறிவிடும், குடி என்றேன்.

புரட்டாசி 5

சுவர் இடுப்பளவு. தூறல்.

புரட்டாசி 13

இன்றைக்கு நடந்ததை அறிக்கையில் சேர்க்க முடியாது. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

நிஜ மேனேஜர் வந்தார். ரிசார்ட் மேனேஜர், கூலிங் கிளாஸோடு. சமரசத்தில் ஒரு ஷரத்து உண்டு. சுவர் முடிந்ததும் ரிசார்ட் பெயரை அதில் எழுதிக்கொள்ளலாம். அதற்கு இடம் பார்க்க வந்தாராம். குருவம்மாளின் பின்வாசலில் நின்றுகொண்டு சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். குருவம்மாள் சோற்றுச் சட்டியோடு அடுப்படியிலிருந்து வந்தாள். தலை குனிந்தே வந்ததால் ஆளைப் பார்க்கவில்லை.

"ஏ மேனேஜரு, எங்க போய்த் தொலைஞ்ச? நேத்து யார் வீட்டுச் சட்டியில வாய வச்ச? வெக்கங்கெட்ட மூதி, தின்னுட்டுத் தின்னுட்டு மேல ஓடிருது."

அந்த மனிதர் கிளாஸைக் கழற்றிவிட்டார். "நான் நேத்து ஊர்லயே இல்லம்மா" என்றார்.

நான் சிமெண்டு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன். அடக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து நாய் வேறு வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவர் ஷூவை முகர்ந்தது. அடுப்படிக்குள் ஓடிய குருவம்மாள் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தவள் நான் சிரிப்பதைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டோம்.

ஆனாலும் அவள் சிரிக்கும்போது மூக்கு இன்னும் அப்படியேதான் வளைகிறது.

புரட்டாசி 22

சுவர் முடிந்தது. கருங்கல் கட்டு, ஆள் உயரத்துக்கு மேல். என் வேலிப்பக்கம் ஆரம்பித்து குருவம்மாள் பின்வாசல் முழுக்கப் போகிறது. அங்கங்கே அடியில் குழாய்த் துண்டு வைத்து ஓட்டை விட்டிருக்கிறார்கள்.

ரிசார்ட்டிலிருந்து பெயிண்டர் வந்து, அவள் பக்கத்துச் சுவரில் எழுதிவிட்டுப் போனான். 'இத்தடுப்புச் சுவர் உபயம்: நீலமேகம் ரிசார்ட்.' கோவில் டியூப் லைட்டில் எழுதுகிற மாதிரி. மலையைத் தள்ளிவிட்டவன் தர்மப்பிரபு ஆகிவிட்டான்.

புரட்டாசி 23

காலையில் பார்த்தால் குருவம்மாள் சுவர் நெடுக ஒரு கொடி கட்டி, இருக்கிற சேலையெல்லாம் நனைத்துக் காயப் போட்டிருந்தாள். உபயம் தெரியவில்லை. ரிசார்ட்டும் தெரியவில்லை. தரை வரைக்கும் சேலைதான்.

எனக்கு மனது குளிர்ந்துவிட்டது. என் பங்குக்கு எங்கள் வீட்டுக்காரரின் இரண்டு லுங்கியையும் ஒரு பெட்ஷீட்டையும் கொண்டுபோய் அதே கொடியில் போட்டேன். அவள் எடுத்து வீசவில்லை. சாயங்காலம் மடித்து வேலிக்கல்லில் வைத்திருந்தாள்.

புரட்டாசி 27

நேற்று ஒரு மழை. குழாய் ஓட்டைகளில் செம்மண் தண்ணீர் வழிந்து குருவம்மாளின் துவைக்கிற கல்லெல்லாம் சேறு. "எவன்டா சுவத்துல ஓட்டை வச்சது" என்று மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டாளாம். ஹேமலதாவுக்கு போன் போட்டேன்.

"அது வீப் ஹோல், ஆன்ட்டி. சுவர் அழுறதுக்கு வச்சது. மலைக்குள்ள இறங்குற தண்ணி அது வழியா வெளிய வந்துரணும். அழ விடலன்னா பின்னாடி தண்ணி கட்டி, மொத்தமாத் தள்ளிரும். அந்தம்மாகிட்ட அடைச்சிராதீங்கன்னு சொல்லுங்க" என்றாள்.

அந்தம்மாவிடம் நான் எங்கே சொல்வது? நாயைக் கூப்பிட்டேன். குருவம்மாள் வேலிக்கு அந்தப்பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நன்றாகக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"மேனேஜரு, நல்லாக் கேட்டுக்க. அழுக வேண்டிய நேரத்துல அழுகணும். அழுகாம வெறைச்சுக்கிட்டு நின்னா, ஒரு நாளைக்கு மொத்தமாச் சாஞ்சிரும். இன்ஜினியரே சொல்லிட்டாக."

வழக்கமாக ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுப்பவள், இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் வாயை அடைத்துவிட்டேன். ஒரு வருஷத்தில் முதல் வெற்றி.

சாப்பிடும்போது எங்கள் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பேசுவதே அபூர்வம். மோரை ஊற்றிக்கொண்டு, "அண்ணன் செத்தன்னிக்கு மதினி ஒரு சொட்டு அழுகலன்னு ஊரே பேசுச்சு. நீயும் பேசிட்ட" என்றார்.

நான் சுவரைச் சொன்னேன். சுவர் என்ற வார்த்தையைச் சொன்னேனா என்று மட்டும் ஞாபகம் வரவில்லை. சொல்லியிருப்பேன்.

புரட்டாசி 28

கொடியில் சேலை தொங்குகிறது. நான் மறுபடி காயப் போட்ட பெட்ஷீட் மட்டும் வேலிக்கு இந்தப்பக்கம் மண்ணில் கிடந்தது.

புரட்டாசி 30

ஒருவேளை சொல்லவில்லையோ.

ஐப்பசி 3

குருவம்மாள் வெளியே வருவதில்லை. நாயிடமும் பேசுவதில்லை. கணக்கு முடிக்கிற கடைசிச் செக்கை வேலிக்கல்லில் வைத்தேன், மாதுளம்பழம் வைத்து. கையெழுத்து வந்தது. மாதுளம்பழமும் அப்படியே திரும்பி வந்தது. எனக்கு அதுதான் சுருக்கென்றது.

தவமணியிடமிருந்து போன். ஐப்பசி பன்னிரண்டாம் தேதி வேனோடு வருகிறானாம். "சுவருதான் முடிஞ்சிருச்சேப்பா, நல்லாத்தான நிக்குது" என்றேன். "அம்மாவே வாரேன்னுட்டாக சித்தி. நான் கேக்கக்கூட இல்ல" என்றான்.

நல்லது. போகட்டும்.

ஐப்பசி 9

மழை. கை இரண்டும் தோலுரிந்து எரிகிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஐப்பசி 10

நேற்று காலையிலிருந்தே விடாமல் அடித்தது. மத்தியானம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்க்கப் போனேன். என் வேலிப்பக்கம் இருந்த ஓட்டைகளில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி தண்ணீர் கொட்டியது. குருவம்மாள் பக்கத்தில், காற்று கொடியைத் தூக்கியபோது பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. நடுவில் கல் வெளியே தள்ளிக்கொண்டு, சுவருக்கு வயிறு போட்டிருந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. சுவருக்கும் அவள் அடுப்படிக்கும் நடுவில் பத்தடி இருந்தால் அதிகம்.

ஆனால் வாயில் வந்தது என்ன? பழக்கதோஷம். "மேனேஜரு, வெளிய வா! தள்ளிருச்சு, சாயப்போகுது, வெளிய வா!" என்று கத்தினேன். நாய் எங்கே இருந்ததோ தெரியாது. குருவம்மாள் அடுப்படி சன்னலைப் படாரென்று சாத்தினாள். உள்ளே டி.வி. சத்தம் கூடியது. சாய்ந்துவிடும் என்று மறுபடியும் தன்னைத்தான் குத்துகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

மேஸ்திரியின் கடப்பாரை மிச்சச் சிமெண்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினேன். ஒரு வருஷமாக மிதிக்காத வாசல். கொடியை அறுத்துவிட்டுக் குனிந்து பார்த்தால், ஒவ்வொரு ஓட்டையிலும் துணியைத் திணித்து மேலே சிமெண்டைப் பூசியிருக்கிறாள். குத்தி இழுத்தேன். நீலத்தில் மஞ்சள் கரை. பேச்சு நிற்பதற்கு முந்தின தீபாவளிக்கு நான் திண்டுக்கல்லில் அலைந்து அவளுக்கு எடுத்துக் கொடுத்த சேலை. அந்த மழையிலும் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தாள். "ஏய், யாரு வீட்டு வாசல்ல வந்து யாரு சுவத்த இடிக்கிற?" நேராக என்னைப் பார்த்து, நேராக என்னிடமே கேட்டாள்.

"அக்கா, ஓட்டைய அடைச்சா சுவரு விழுந்துரும். தண்ணி உள்ள கட்டி நிக்கிது. வெளிய வா மொதல்ல."

"அழுகாதவ சாஞ்சிருவான்னு நாய்கிட்டச் சொன்னேல்ல? சாஞ்சா சாஞ்சிட்டுப் போறேன்."

"உன்னையா சொன்னேன்? சுவத்தச் சொன்னேன்! சுவரு அழுகணுமாம். இன்ஜினியரு சொல்லுச்சு. எனக்குச் சொல்லத் தெரியல, நீயாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"சுவத்தையா?" என்றாள். மழை அவள் மூஞ்சியில் அடித்துக்கொண்டிருந்தது. வயிறு போட்ட சுவரைப் பார்த்தாள், என் கையிலிருந்த நீலச் சேலைத் துண்டைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் உலக்கையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தள்ளி நில்லுக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். கேட்கிற ஜென்மமா? அவள் ஒரு முனையிலிருந்து குத்தினாள், நான் ஒரு முனையிலிருந்து குத்தினேன். மூன்றாவது ஓட்டை திறந்ததும் செந்தண்ணீர் பீறிட்டு என்னை மல்லாக்கத் தள்ளியது. அவள் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். கடைசி ஓட்டையும் திறந்த பிறகு, என் வீட்டுப் பாறையில் வந்து இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சுவர் முழுக்க அழுதது. ஆனால் நின்றது.

"அவுக போனன்னிக்கு அழுதா உக்காந்துருவேன்னு பயந்தேன். உக்காந்தா எந்திரிக்க மாட்டேன். மாட்ட யாரு பாப்பா?" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டே.

என்னத்தைச் சொல்வது? "அந்தச் சேலை அறுநூறு ரூவாக்கா" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஐப்பசி 11

ஹேமலதா வந்து பார்த்தாள். நடுவில் மட்டும் ஒரு முட்டுக் கட்ட வேண்டுமாம், மற்றபடி சுவர் நிற்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஓட்டையை யார் அடைத்தது என்று கேட்டாள். எலி என்றேன். பின்னாலிருந்து "பெரிய எலி" என்றாள் குருவம்மாள். உபயத்தில் பாதி கடப்பாரை பட்டுப் பெயர்ந்துவிட்டது. அதற்கும் எலிதான்.

ஆனால் உள்ளே பெட்டி கட்டியபடிதான் இருக்கிறது. பார்த்தேன்.

ஐப்பசி 12

தவமணி சொன்ன மாதிரியே வேனோடு வந்துவிட்டான். சுவரைச் சுற்றிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், நல்லா இருக்கு சித்தி என்றான். இருந்தாலும் சாமானை ஏற்ற ஆரம்பித்தான். தகரப்பெட்டி, பீரோ, கிரைண்டர். மாட்டை விலை பேசியாகிவிட்டதாம்.

நான் காபியோடு போய் நின்றேன். அக்கா வாங்கிக் குடித்தாள். சீனி கம்மி என்றாள். அப்புறம் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஒரு வருசமா அந்த நாய்கிட்ட அம்புட்டும் சொன்ன. சிமெண்டு வந்தா சொன்ன, செக்கு வந்தா சொன்ன. ஏம் பானை மிதக்கும்னு சொன்ன. ஒன்னு மட்டும் சொல்லல."

"எதச் சொல்லலங்கிற?"

"எனக்கென்ன தெரியும்? பத்து வருசம் தீர்மானம் எழுதுனவ நீதான்."

தவமணி ஹார்ன் அடித்தான். அக்கா டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். டம்ளரோடு பின்னாலேயே போனேன். அவள் வேனில் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டாள்.

"இருக்கா" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். "எது இருக்கா?"

"எதுவும் இல்லக்கா. நீ இரு. திருப்பூருக்குப் போகாத. நீ போயிட்டா இந்த ஊருல எனக்கு என்ன இருக்கு? இங்கனயே இருக்கா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வேனில் வைத்த காலை எடுத்துக் கீழே வைத்தாள்.

"தவமணி" என்றாள், "கிரைண்டர மொதல்ல இறக்குப்பா. மாவாட்டணும்."